நெர்ஃப் வந்த பிறகு மேஜ் பில்ட்: தொடர்வதா, வரிசையை மாற்றுவதா, ஐட்டத்தையே மாற்றுவதா?

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆன்லைன் ஆட்டத்தில், ஒவ்வொரு மேட்சிலும் நீங்கள் முதலில் வாங்கும் ஐட்டத்தில் (பாத்திரத்தைப் பலப்படுத்தும் பொருளில்) 10 ஏபி, அதாவது மந்திர அடியின் பலம், குறைந்திருக்கிறது. விலையும் 100 கோல்ட் ஏறியிருக்கிறது. பேட்ச் (ஆட்டத்தின் புதுப்பிப்பு) குறிப்பில் இந்த நெர்ஃபை, அதாவது பலக் குறைப்பை, சொல்லும் இரண்டு வரிகளைப் படித்ததுமே மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிடும்: இந்த ஐட்டம் இனி ஆகாது, வேறு பார்க்க வேண்டும். பல வருடங்களாக மிட் லேனில் (களத்தின் நடுப்பாதையில்) மேஜ், அதாவது மந்திரத்தால் அடிக்கும் பாத்திரம், மட்டுமே ஆடுகிறவன் நான். அப்படி அவசரமாக எடுத்த முடிவுகள் எனக்குச் சரியாக அமைந்ததைவிடத் தவறாகப் போனதுதான் அதிகம்.

அந்த நேரத்தில் நம் கையில் சில வழிகள் இருக்கின்றன. பழைய பில்டை, அதாவது ஐட்டங்களை வாங்கும் திட்டத்தை, அப்படியே தொடரலாம். அதே ஐட்டங்களை வேறு வரிசையில் வாங்கலாம். ஒரே ஒரு ஐட்டத்தை மட்டும் மாற்றலாம். மேல் ரேங்கில் இருப்பவர்களும் ப்ரோக்களும் (தொழில்முறை ஆட்டக்காரர்களும்) என்ன வாங்குகிறார்களோ அதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஆடும் மேஜ் பாத்திரத்தையே மாற்றிவிடலாம். இவற்றில் எது எப்போது சரி என்பதை லீக் ஆஃப் லெஜண்ட்ஸை வைத்தே பேசுகிறேன். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச் வரும் ஆட்டம் அது. இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை.

முதலில் அந்த 10 ஏபியை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஸ்கில் 250 அடிப்படை டேமேஜும் 70% ஏபி ரேஷியோவும் (ஏபியில் 70% அடியோடு சேரும்) கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300 ஏபி இருந்தால் ஒரு அடி 460. 10 ஏபி போனால் 453. எதிரிக்கு 50 எம்ஆர் (மேஜிக் எதிர்ப்பு) இருந்தால், டேமேஜ் 100-ஐ 100 கூட்டல் எம்ஆரால் வகுத்த விகிதத்தில்தான் இறங்கும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 460 என்பது 307 ஆகும், 453 என்பது 302 ஆகும். ஒரு ஸ்கில்லுக்கு 5 டேமேஜ் குறைந்திருக்கிறது. மூன்று ஸ்கில் போட்டாலும் இழப்பு 15. எதிரியின் உயிர் 2000 என்றால் இந்தப் பதினைந்தால் தப்பிக்கும் ஆள் எத்தனை பேர்?

விலை ஏற்றமும் அப்படித்தான். அலை அலையாக வரும் சிறு படைவீரர்களான மினியன்களைக் கொன்றால் கோல்ட் கிடைக்கும்; நெடுங்காலமாக அருகில் நின்று அடிக்கும் ஒரு மெலீ மினியனுக்கு 21 கோல்ட், தூரத்திலிருந்து அடிக்கும் கேஸ்டருக்கு 14 என்றுதான் கணக்கு. பீரங்கி மினியன் இல்லாத ஒரு சாதாரண அலையை (இரண்டிலும் தலா மூன்று) முழுதாக எடுத்தால் 105. ஆக, 100 கோல்ட் ஏற்றம் என்பது ஒரு அலை தாமதம். அந்த ஒரு அலைக்காகப் பேஸுக்குத் திரும்பும் நேரம் தள்ளிப்போய், டிராகன் சண்டைக்கு ஐட்டம் இல்லாமல் போக நேர்ந்தால் அது வலிக்கும். மற்றபடி தாங்கக்கூடியதுதான்.

இதோடு இன்னொரு நெர்ஃபை ஒப்பிட்டுப் பாருங்கள். சார்சரர்ஸ் ஷூஸ் பல வருடங்கள் 18 மேஜிக் பென் (எதிரியின் எம்ஆரைக் கழிக்கும் பெனட்ரேஷன்) கொடுத்தது. பிறகு படிப்படியாகக் குறைந்து 12 ஆனது. வெறும் 6 புள்ளி. ஆனால் 36 எம்ஆர் உள்ள எதிரி மேஜ் மீது முன்பு உங்கள் டேமேஜில் 84.7% இறங்கியது, இப்போது 80.6% இறங்கும். அதாவது உங்கள் ஒவ்வொரு அடியிலும் 4.8% போய்விட்டது. 10 ஏபி குறைந்ததில் இழந்தது 1.5% தான். பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் 6, பெரிதாகத் தெரியும் 10-ஐவிட மூன்று மடங்கு கனமானது. பேட்ச் குறிப்பில் எண்ணின் அளவைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எனவே முதல் வழிக்கு, அதாவது பழையதையே தொடர்வதற்கு, உரிய மரியாதை கிடைக்க வேண்டும். அதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் டேமேஜின் எல்லை உங்கள் கைக்குப் பழகியிருக்கிறது. இந்த காம்போ (அடுத்தடுத்துப் போடும் ஸ்கில் வரிசை) போட்டால் இவ்வளவு உயிர் போகும் என்பதைக் கணக்குப் போடாமலேயே கண் சொல்லிவிடும். பில்டை மொத்தமாக மாற்றினால் அந்தக் கணிப்பு கொஞ்ச நாளைக்குப் பொய்த்துப்போகும். முடியும் என்று நினைத்து உள்ளே போய்ச் சாவீர்கள். 1.5% இழப்பைத் தவிர்க்கப் போய் இதை விலையாகக் கொடுப்பது நல்ல வியாபாரம் அல்ல. ஏபி 5, 10 குறைந்தது, விலை 50, 100 ஏறியது, அவ்வளவுதான் என்றால் தொடருங்கள்.

இரண்டாவது வழியான வரிசை மாற்றத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ரபாடன்ஸ் டெத்கேப்பை எடுத்துக்கொள்வோம். 130 ஏபி கொடுத்து, மொத்த ஏபியை 30% உயர்த்தும் என்ற கணக்கில், மற்ற ஐட்டங்களிலிருந்து 200 ஏபி இருக்கும்போது அதை வாங்கினால் உங்கள் ஏபி 429 ஆகும். டெத்கேப் தந்தது 229. அதையே 400 ஏபி சேர்ந்த பிறகு வாங்கினால் 689 ஆகும், தந்தது 289. அதே விலைக்கு 60 ஏபி கூடுதல். டெத்கேப்பின் சதவீதம் குறைக்கப்பட்டால், அல்லது மற்ற ஐட்டங்களின் ஏபி பரவலாகக் குறைக்கப்பட்டால், டெத்கேப்பைக் கைவிட வேண்டும் என்பதில்லை. ஒரு இடம் பின்னால் தள்ளினால் போதும். நான்கு ஐட்டங்களில் பத்துப் பத்தாகக் குறைந்தால் டெத்கேப் கையில் இருக்கும்போது உண்மையான இழப்பு 40 அல்ல, 52 என்பதையும் நினைவில் வையுங்கள். குறைப்பும் அதன் வழியாகப் பெருகும்.

ஸோன்யாஸ் ஹவர்கிளாஸில் வரிசை இன்னும் முக்கியம். அதை நாம் ஏபிக்காக வாங்குவதில்லை. 2.5 விநாடி யாரும் தொட முடியாமல் நிற்பதற்காக வாங்குகிறோம். அதன் ஏபி குறைந்தால் அது நெர்ஃபே அல்ல என்பேன். கூல்டவுன், அதாவது மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம், ஏறினால்தான் நெர்ஃப். 2024 தொடக்கத்தில், ஒருமுறை உறைந்து நிற்க உதவிய ஸ்டாப்வாட்ச் நீக்கப்பட்டபோது, ஸோன்யாஸாக வளரும் சீக்கர்ஸ் ஆர்ம்கார்டிலேயே ஒருமுறை அந்த உறைநிலையைப் பயன்படுத்தும் வசதி வந்தது. எதிரணியில் ஸெட் போன்ற அசாஸின் (பாய்ந்து நொடியில் கொல்லும் பாத்திரம்) இருந்தால், முழு ஐட்டத்தின் விலை ஏறினாலும் ஆர்ம்கார்டை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் டேமேஜ் ஐட்டத்தை முடித்துவிட்டுப் பிறகு ஸோன்யாஸை நிறைவு செய்யலாம். பாதுகாப்பும் போகாது, டேமேஜும் தள்ளிப்போகாது.

சரி, ஐட்டத்தையே மாற்ற வேண்டிய நிலை எப்போது வருகிறது? அந்த ஐட்டம் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோகும்போது. இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். ஏனென்றால் ஒரு மேஜ் ஐட்டம் ஒரே வேலையைச் செய்வதில்லை. அது ஏபி தருகிறது. மானா (ஸ்கில் போடச் செலவாகும் சக்தி) தரலாம், ஹேஸ்ட் (ஸ்கில் சீக்கிரம் திரும்ப வருவது) தரலாம், உயிர் தரலாம். பேசிவ் (தானாக வேலை செய்யும் பண்பு) வழியாகத் தனியாக டேமேஜ் தரலாம். இதில் எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் மாற்று தேடினால், போகாத ஒன்றுக்கு மாற்று வாங்கிவிட்டு, போனதை அப்படியே விட்டுவிடுவோம்.

லியாண்ட்ரீஸின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020 நவம்பரில் ஒருவர் ஒன்று மட்டுமே வாங்கக்கூடிய மிதிக் ஐட்டங்கள் வந்தபோது லியாண்ட்ரீஸ் ஆங்க்விஷ் மானாவும் தந்தது, எதிரியின் அதிகபட்ச உயிரின் சதவீதத்தில் எரியும் டேமேஜும் தந்தது. பிராண்ட், மல்ஸஹார் போன்ற மேஜ்கள் அதை முதல் ஐட்டமாக வாங்கினார்கள். மானா கவலை தீர்ந்தது. 2024 ஜனவரியில் 14.1 பேட்சில் மிதிக் முறையே நீக்கப்பட்டது. லியாண்ட்ரீஸ் டார்மென்ட் என்ற பெயரில் எரிப்பு தொடர்ந்தது, ஆனால் அதில் மானா இல்லை, அதன் இடத்தில் உயிர் இருந்தது. பெயரை மட்டும் பார்த்து, பழையபடி முதலில் வாங்கியவர்களுக்கு மூன்றாவது அலையைத் தள்ளும்போதே மானா காலியானது. எரிப்பு அப்படியே இருக்கிறது, பிறகு ஏன் பலவீனமாக உணர்கிறோம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு மானாவும் ஹேஸ்டும் எரிப்பும் சேர்ந்த பிளாக்ஃபயர் டார்ச் வந்தபோது அந்த முதல் இடம் நிரம்பியது. லியாண்ட்ரீஸ் இரண்டாவது இடத்துக்குப் பொருத்தமாக நகர்ந்தது.

மானா தரும் ஐட்டங்கள் மொத்தத்தில் கொஞ்சம்தான். லூடன்ஸ், மாலிக்னன்ஸ், பிளாக்ஃபயர் டார்ச், ராட் ஆஃப் ஏஜஸ், ஆர்க்கேஞ்சல்ஸ் ஸ்டாஃப் என்று சொல்லிவிடலாம். உங்கள் பில்டில் மானாவுக்கு ஒரே ஒரு ஐட்டம் இருந்து, நெர்ஃப் அதன் மேல் விழுந்தால், மாற்றும் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும். லூடன்ஸின் டேமேஜ் குறைந்தது என்று கோபப்பட்டு, மானாவே இல்லாத ஸ்டார்ம்சர்ஜை முதலில் வாங்குவது சின்ட்ரா, ஓரியானா போன்ற மேஜ்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது. அல்டிமேட்டை (பாத்திரத்தின் பலமான பெரிய ஸ்கில்லை) நம்பி வாழும் லக்ஸ் போன்றவருக்கு மாலிக்னன்ஸ் இயல்பாகப் பொருந்தும், ஏனென்றால் அது அல்டிமேட்டுக்குத் தனியாக ஹேஸ்ட் தருகிறது. நீண்ட சண்டையில் நின்று அடிக்கும் கேசியோபியாவுக்கும் அனிவியாவுக்கும் ராட் ஆஃப் ஏஜஸ் அல்லது ஆர்க்கேஞ்சல்ஸ். ஆனால் ராட் ஆஃப் ஏஜஸ் முழு பலத்துக்கு வர வாங்கியதிலிருந்து பத்து நிமிடம் ஆகும். லேனில் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் அதை மாற்றாக எடுப்பது, இல்லாத பத்து நிமிடத்தைச் செலவழிப்பது.

மாற்றுவதில் அடுத்த பெரிய கேள்வி பெனட்ரேஷன். என் பார்வையில் மேஜ் பில்டில் அதிகமான தவறுகள் நடப்பது இங்கேதான், அதனால் எண்களோடு சொல்கிறேன். மூன்று ஐட்டங்களை ஒப்பிடுவோம். வாய்ட் ஸ்டாஃப் 40% பென் தருகிறது. கிரிப்ட்பிளூம் 30% பென்னும் 20 ஹேஸ்டும் தருகிறது. ஷேடோஃப்ளேம் நேரடியாக 15 பென் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிர் குறைந்த எதிரிமேல் கூடுதல் டேமேஜ் தருவது அதன் தனிச் சிறப்பு.

எதிரிக்கு 35 எம்ஆர் மட்டும் இருந்தால் வாய்ட் ஸ்டாஃப் உங்கள் டேமேஜை 11.6% உயர்த்தும், ஷேடோஃப்ளேமின் 15 பென் 12.5% உயர்த்தும், கிரிப்ட்பிளூம் 8.4%. ஆக, எம்ஆர் வாங்காத மெல்லிய எதிரிகள்மேல் நேரடிப் பென்தான் முன்னே நிற்கிறது, உயிர் குறைந்தவர் மேல் விழும் கூடுதல் டேமேஜ் தனி. எம்ஆர் 37.5 ஆகும்போது 40% பென்னும் 15 பென்னும் சமம். எம்ஆர் 100 தொட்டுவிட்டால் கதையே வேறு. வாய்ட் ஸ்டாஃப் 25% உயர்த்துகிறது, கிரிப்ட்பிளூம் 17.6%, ஷேடோஃப்ளேமின் பென் வெறும் 8.1%. இதில் எந்த ஐட்டத்தின் மேல் நெர்ஃப் விழுந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: நான் உண்மையில் யாரை அடிக்கிறேன், அவருக்கு இப்போது எம்ஆர் எவ்வளவு? டேப் விசையை அழுத்தினால் எதிரிகள் வாங்கிய ஐட்டங்கள் தெரியும். அதைப் பார்க்காமல் வாய்ட் ஸ்டாஃப் நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இதில் அடிக்கடி தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. சதவீதப் பென் முதலில் கணக்கிடப்படும், நேரடிப் பென் அதற்குப் பிறகுதான். 100 எம்ஆர் உள்ள டேங்க் (அடி தாங்கும் பாத்திரம்) மேல், ஷூஸின் 12 பென் தனியாக இருந்தால் டேமேஜ் 6.4% உயரும். வாய்ட் ஸ்டாஃபும் இருந்தால் எம்ஆர் முதலில் 60-க்கு இறங்கி, பிறகு 48 ஆகும். அந்த 12-இன் பங்கு 8.1% ஆகிறது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. அதனால் ஒன்றின்மேல் நெர்ஃப் வந்தால் இரண்டையும் சேர்த்து மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

கிரிப்ட்பிளூமின் 20 ஹேஸ்டைச் சேர்த்தால் ஒப்பீடு மாறும். கூல்டவுன் என்பது 100-ஐ 100 கூட்டல் ஹேஸ்டால் வகுத்த விகிதம். 60 ஹேஸ்ட் இருக்கும்போது 10 விநாடி ஸ்கில் 6.25 விநாடியில் திரும்பும். 80 ஆனால் 5.56. ஒரு சண்டையில் ஒரே ஸ்கில்லை நான்கைந்து முறை போடும் மேஜ் என்றால், 10% பென் குறைவை இது ஈடு செய்யும். ஒரு காம்போவில் ஆளை முடித்துவிட்டுப் பின்வாங்கும் மேஜ் என்றால் இரண்டாவது ஸ்கில் வரும் நேரத்துக்குச் சண்டையே முடிந்திருக்கும். அவருக்கு ஹேஸ்ட் அலங்காரம்தான். அங்கே பென்னை எடுங்கள்.

அடுத்தது, மேலே இருப்பவர்களின் பில்டை எடுத்துக்கொள்வது. நானும் பார்க்கிறேன், பார்க்கவும் வேண்டும். ஆனால் இரண்டு இடங்களில் அது வழி தவறச் செய்யும். உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகள் முழுக்க ஒரே பேட்சில் நடக்கின்றன. நாம் ஆடும் பேட்ச் அதற்குள் முன்னே போயிருக்கும். அந்த மேடையில் ஓரியானா சீக்கிரமே ஸோன்யாஸ் வாங்குகிறார் என்றால், ஐந்து பேரும் ஒருங்கிணைந்து அவர்மேல் பாய்வார்கள் என்பதால். உங்கள் மேட்சில் அப்படிப் பாய ஆளே இல்லாமல் இருக்கலாம்.

மற்றது, ஐட்டங்களின் வெற்றி விகிதப் பட்டியல். மேஜாய்ஸ் சோல்ஸ்டீலரின் வெற்றி விகிதம் எப்போதும் மேலே இருக்கும். கொலைகளால் 25 ஸ்டாக் (பலத்தின் அடுக்கு) வரை ஏறும் அந்தப் புத்தக ஐட்டத்தைத் தோற்றுக்கொண்டிருப்பவர் வாங்குவதில்லை. ஏற்கெனவே நாலு கொலை எடுத்தவர்தான் வாங்குகிறார். ஜெயித்துக்கொண்டிருந்ததால் வாங்கினார்கள். வாங்கியதால் ஜெயித்தார்கள் என்று அதைத் திருப்பிப் படிக்கக்கூடாது. டெத்கேப்பின் எண்ணிலும் இதே சாயம் கொஞ்சம் இருக்கிறது. பட்டியலைப் பார்ப்பதென்றால் முதல் ஐட்டத்தின் எண்களை மட்டும் பாருங்கள். அந்தக் கட்டத்தில் ஆட்டம் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்திருக்காது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் வாங்குகிறார்கள்.

மேஜ் பாத்திரத்தையே மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மேஜ் பாத்திரத்தைக் கற்க எடுத்த உழைப்பை ஒரு ஐட்ட நெர்ஃபுக்காக விடுவது எனக்கு ஒப்பாத விஷயம். விதிவிலக்கு, அந்த மேஜின் விளையாட்டே ஒரு ஐட்டத்தின்மேல் நின்றிருந்து, அந்த ஐட்டம் அடியோடு நீக்கப்படும்போது. முன்பு டெத்ஃபயர் கிராஸ்ப் இருந்தது. எதிரியின் அதிகபட்ச உயிரில் 15% டேமேஜ் கொடுத்து, அடுத்த 4 விநாடிக்கு அவர் வாங்கும் மேஜிக் டேமேஜை 20% உயர்த்தும். அது போனபோது ஒரே காம்போவில் ஆளை முடிப்பதையே நம்பியிருந்த மேஜ்களுக்கு ஈடான மாற்று எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இன்னொரு மேஜ் பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பது நல்லதுதான்.

உங்கள் ஐட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாமல் அதன் மதிப்பு மாறுவதும் உண்டு. 2022 மே மாதம் வந்த 12.10 பேட்சில் எல்லாச் சாம்பியன்களுக்கும் (ஆடும் பாத்திரங்களுக்கும்) அடிப்படை உயிர் 70, ஒவ்வொரு லெவலுக்கும் 14, லெவலுக்கு 0.8 எம்ஆர் என்று கூட்டினார்கள். 18-ஆம் லெவலில் உயிர் மட்டும் 308 அதிகம். ஒரே காம்போவில் சாய்ந்தவர்கள் சாயாமல் தப்பினார்கள், இரண்டாவது காம்போ வரை உயிரோடு நின்றார்கள். அதனால் ஹேஸ்டும் எரிப்பும் மதிப்பு ஏறின. மறுபக்கம், 2024 செப்டம்பரில் 14.19 பேட்சில் ஐட்டங்களின் பலத்தைப் பரவலாகக் குறைத்தார்கள். எல்லோருடைய ஐட்டமும் சேர்ந்து குறையும்போது உங்களுடையது குறைந்ததில் தனியாக நஷ்டம் இல்லை. எது மற்றவற்றைவிடக் குறைவாகக் குறைந்தது என்பதுதான் அங்கே கேள்வி. இப்படி விதி மாறும் பேட்சுகளில் மட்டும் பில்டை முதலிலிருந்து கட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதே வகை ஆட்டமான டோட்டா 2-வில் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கும். அங்கே ஹீரோக்களுக்குப் பொதுவாக 25% மேஜிக் எதிர்ப்பு ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஏபி என்ற ஒரே எண்ணை ஏற்றிக்கொண்டே போகும் வழி இல்லை. காயா போன்ற ஐட்டங்கள் ஸ்பெல் டேமேஜைச் சதவீதத்தில் உயர்த்தும் என்றாலும், மேஜ்களின் ஐட்டம் முடிவு பெரும்பாலும் இடத்தைப் பற்றியது: பிளிங்க் டேக்கரால் உள்ளே போவதா, பிளாக் கிங் பாரால் தாக்குப்பிடிப்பதா, அகானிம்ஸால் ஸ்கில்லையே மாற்றுவதா? அங்கும் ஐட்டம் செய்த வேலை எது என்பதிலிருந்துதான் யோசனை தொடங்கும்.

மாற்றம் பலித்ததா என்பதை எப்படி அறிவது? வெற்றி தோல்வியை எண்ணி அறிய முடியாது. சரிபாதி வாய்ப்புள்ள ஒருவர் 20 மேட்ச் ஆடினால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 8 வெற்றியும் வரலாம், 12 வெற்றியும் வரலாம். நல்ல ஐட்டம் மாற்றம் தருவது ஓரிரு சதவீதம்தான். அது அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும். நூறு மேட்ச் ஆடித் தெளிவு பெறுவதற்குள் இன்னும் பல பேட்ச் வந்துவிடும். அதனால் நான் வேறு மூன்றைக் கவனிக்கிறேன். முதல் ஐட்டம் எந்த நிமிடத்தில் கைக்கு வந்தது, பேஸுக்குத் திரும்பும்போது மானா எவ்வளவு மீதி இருந்தது, கையிலிருந்து தப்பிய எதிரி எவ்வளவு உயிரோடு தப்பினார். இவை ஐந்தாறு மேட்சிலேயே பேசத் தொடங்கிவிடும்.

ஒரு முழு முடிவைச் சொல்லிப் பார்க்கிறேன். நான் ஓரியானா ஆடுகிறேன், லூடன்ஸின் பேசிவ் டேமேஜ் நன்றாகவே குறைக்கப்பட்டுவிட்டது, மானாவும் விலையும் அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எதிரணியில் இரண்டு டேங்க் இருந்தால் முதல் இடத்துக்கு பிளாக்ஃபயர் டார்ச் வாங்குவேன். மானாவும் ஹேஸ்டும் கிடைக்கும். நீண்ட சண்டையில் எரிப்பு பலன் தரும். அடுத்து லியாண்ட்ரீஸ், டேங்க்குகள் எம்ஆர் சேர்க்கத் தொடங்கியதும் மூன்றாவதாக வாய்ட் ஸ்டாஃப். ஐந்து பேருமே மெல்லியவர்கள் என்றால் நெர்ஃப் ஆன லூடன்ஸையே வாங்கி, ஷேடோஃப்ளேமை இரண்டாவதாகக் கொண்டுவருவேன்; பேசிவில் இழந்ததை 15 பென் அங்கே திருப்பித் தந்துவிடும். எதிரணியில் ஸெட் இருந்தால் இரண்டு பில்டிலும் ஆர்ம்கார்ட் முதல் ஐட்டத்துக்கு அடுத்தபடியே வந்துவிடும்.